சராசரியில் அடங்காத நெருப்பு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்னூலும் யாப்பும் கற்பித்து வயிறு வளர்க்கும் நாம், ஆகாய விமானத்தின் இயந்திரத்துள் எரியும் நெருப்பைப் பற்றிப் பேச எழுந்தது உங்களிற் பலர்க்கு நகைப்பையும் சிலர்க்கு ஐயத்தையும் விளைக்கக்கூடும். இதற்குப் பொறுப்பாளி நம் காரியதரிசி அவர்களே. சென்ற கூட்டத்தின் முடிவில் அவர் நம்மை வாயிலில் நிறுத்தி, "ஐயா, நம் வீட்டுப் பிள்ளைகள் பொறியியல் படிக்கப் போகின்றார்கள். நான்காண்டு கட்டணம் கட்டுகின்ற நாமோ, அவர்கள் அங்கே என்ன கற்கின்றார்கள் என்பதில் ஒரு சொல்லும் அறியோம். அவற்றுள் ஒரு விஷயத்தையேனும் தாங்கள் தமிழில் எடுத்துரைக்கலாகாதா?" என்றார். மறுக்க நமக்கு வாய் வரவில்லை.

அவ்வாரத்திலேயே, முன்பு எட்டாம் வகுப்பில் நம்மிடம் தமிழ் பயின்று, இப்போது விமானப் பொறியியலில் ஆராய்ச்சி மாணவராயிருக்கும் தம்பி ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். அவர் கையில் ஏறத்தாழ 800 பக்கமுள்ள ஆங்கில நூலொன்று இருந்தது. 'டர்புலன்ட் ஃப்ளோஸ்' என்பது அதன் பெயர். கொந்தளிக்கும் ஓட்டங்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆசிரியர் பெயர் ஸ்டீபன் போப். போப் என்றவுடன் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப்பையரே நம் நினைவுக்கு வந்தார். அதைச் சொன்னபோது தம்பி சிரித்துவிட்டார். இவர் வேறு. 1949-ஆம் ஆண்டில் பிறந்தவர்; இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பயின்றவர்; அமெரிக்காவில் இதாகா நகரத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில், இயந்திரப் பொறியியலையும் விண்வெளிப் பொறியியலையும் ஒருங்கே பயிற்றும் பகுதியில் நெடுங்காலம் பேராசிரியராயிருந்தவர். கொந்தளிப்பினூடே நெருப்பு எங்ஙனம் எரிகின்றது என்பதைக் கணிதத்தாலும் கணிப்பொறியாலும் காண்பதே இவர் வாழ்நாட் பணி. அத்தம்பி ஏழு மாலைப்பொழுது நம் திண்ணையில் அமர்ந்து விளக்கியவற்றையே இன்று சொல்லப் புகுகின்றோம். இதில் பிழையிருப்பின் அது நம்முடையது.

முதலில் நம் வீட்டு நெருப்பைப் பார்ப்போம். அகல் விளக்கின் சுடர் மஞ்சளாக இருக்கின்றது. எரிவாயு அடுப்பின் சுடர் நீலமாக இருக்கின்றது. அகலில் எண்ணெயின் ஆவி ஒரு பக்கமிருந்தும், காற்றிலுள்ள பிராணவாயு மறு பக்கமிருந்தும் வந்து சுடரின் விளிம்பிலே சந்தித்து எரிகின்றன. முன்னரே கலவாமையால் உள்ளே கரித்துகள் உண்டாகி, அது பழுத்து மஞ்சளாய் ஒளிர்கின்றது. அடுப்பிலோ வாயுவும் காற்றும் குழாயிலேயே பெரும்பாலும் கலந்து வருதலின் கரி மிகுதியும் தோன்றுவதில்லை. இவ்விரண்டும் அமைதியான நெருப்புகள். காற்றில்லாத அறையில் அகற்சுடரின் உருவத்தை ஒரு சிறுமி ஏட்டில் வரைந்துவிடலாம்.

விமானத்தின் எரியறையில் இந்த அமைதி இல்லை. முன்னுள்ள விசிறிகள் காற்றை இறுக்கி உள்ளே தள்ளுகின்றன. மண்ணெண்ணெய் இனத்து எரிபொருள் பொடித்துளியாகத் தெளிக்கப்படுகின்றது. காற்று அவ்வறையில் தங்கும் நேரம் ஒரு நொடியை ஆயிரங்கூறிட்டால் அவற்றுட் சில கூறுகளே. அதற்குள் எரிபொருள் ஆவியாகிக் கலந்து எரிந்து முடிய வேண்டும். அமைதியான கலவையில் நெருப்பு எவ்வளவு விரைவாகப் பரவும் என்று கேட்டோம். மீதேன் வாயுவும் காற்றும் சரியளவிற் கலந்திருந்தால், அறையின் சாதாரண வெப்பநிலையில், நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் என்றார் தம்பி. ஒரு குழந்தை தவழும் வேகம்! ஆனால் காற்றோ நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் வீசுகின்றது. அங்ஙனமாயின் அந்நெருப்பு அடித்துச் செல்லப்படாமல் நிற்பது எவ்வாறு? காற்றைச் சுழலச் செய்து, எரிந்த சூடான வாயுவில் ஒரு பகுதி திரும்பவும் முன்னே வருமாறு அறையை அமைக்கின்றனர். அதனோடு, கொந்தளிப்பு நெருப்பின் மேற்பரப்பைக் கசக்கிச் சுருக்கி மடித்துப் பன்மடங்கு பெருக்கிவிடுகின்றது. மடிந்த பரப்பு எங்கும் எரிதலின் நெருப்பு விரைந்து பரவுகின்றது. கொந்தளிப்பு இல்லையேல் விமானம் பறக்கவே முடியாது. அதே கொந்தளிப்பு அளவு மீறினால் நெருப்பை இழுத்து நீட்டி அணைத்தும்விடும்.

அணைந்தால் என்னாகும்? 1988-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், டாக்கா என்னும் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று பெலிஸ் நகரிலிருந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குச் சென்றுகொண்டிருந்தது. இறங்கும் வழியில் கடுமழையும் ஆலங்கட்டியும் சூழ்ந்து, இரண்டு இயந்திரங்களிலும் நெருப்பு அணைந்துவிட்டது. மீண்டும் பற்றவைத்தும் அவை வேகம் கொள்ளவில்லை. விமானி இயந்திர வலிமையின்றியே அதை ஒரு கரையின் புல்வெளியில் இறக்கினார். உள்ளிருந்த 45 பேரும் உயிர் பிழைத்தனர். இந்நிகழ்ச்சி போப்பின் ஆராய்ச்சிக்குக் காரணமன்று. அவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டார். ஆயினும், 'நெருப்பு எப்பொழுது நிற்கும், எப்பொழுது அணையும்' என்ற வினா வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதைத் தாய்மார்கள் உணர வேண்டி இதைச் சொன்னோம்.

இனிக் கொந்தளிப்புக்கு வருவோம். வீட்டில் ஊதுவத்தியை ஏற்றி வைத்துப் பாருங்கள். புகை சிறிது தூரம் நூல் பிடித்தாற்போல் நேராக எழும், பிறகு நெளியும், பிறகு சிதறிச் சுழிசுழியாகக் குலைந்து போகும். 1883-இல் மான்செஸ்டர் நகரத்தில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர், கண்ணாடிக் குழாயிலோடும் நீரில் சாயநூலொன்றைச் செலுத்தி, நேரோட்டம் கொந்தளிப்பாக மாறும் எல்லையை ஆராய்ந்தார். வேகம், குழாயின் அகலம், நீரின் பிசுக்கு இம்மூன்றையும் சேர்த்து அவர் கண்ட எண் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அந்த எண் பெரிதானால் கொந்தளிப்பு மிகும்.

கொந்தளிப்பில் பெருஞ்சுழி உடைந்து சிறுசுழியாகும். சிறுசுழி உடைந்து மேலும் சிறுசுழியாகும். கடைசியில் பிசுக்கு அதை விழுங்கிவிடும். 1941-இல் ருஷ்ய நாட்டுக் கொல்மகோரோவ் என்னும் கணித மேதை அக்கடைசிச் சுழியின் அளவைக் கணக்கிட்டார். அவர் கணக்கின்படி, ரெனால்ட்ஸ் எண் 10,000 ஆயின், பெருஞ்சுழி சிறுசுழியினும் ஏறத்தாழ 1000 மடங்கு பெரிது. நீளம் அகலம் உயரம் மூன்றிலும் அச்சிறுசுழி தெரியும்படி புள்ளிகள் வைத்தால் 100 கோடி புள்ளிகள் ஆகும். ஒவ்வொரு புள்ளியிலும், கணந்தோறும், வேகமும் வெப்பமும் எல்லாப் பொருள்களின் செறிவும் கணிக்க வேண்டும். மீதேன் எரிவதற்கென்று வழங்கும் ஜி.ஆர்.ஐ. மெக் 3.0 என்ற பட்டியலிலே 53 பொருள்களும் 325 ரசாயன வினைகளும் உள்ளன. மீதேனோ எரிபொருள்களுள் மிக எளியது. விமான எரிபொருளின் கதையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே, அனைத்தையும் கணிப்பது கைகூடாதென்று கண்ட முன்னோர் சராசரியைக் கைக்கொண்டனர். 1895-இல் அதே ரெனால்ட்ஸ் வேகத்தைச் சராசரி என்றும் அதிலிருந்து விலகும் ஆட்டம் என்றும் இரண்டாகப் பிரித்தார். பாலங்கட்டுவோர்க்கும் குழாய் பதிப்போர்க்கும் சராசரி பெரும்பாலும் போதுமானதே. நெருப்புக்கு அது போதாது. இதுவே இன்றைய பேச்சின் நடு இடம். ஆதலின் இங்கே சற்று நிற்போம்.

பல்லாண்டுகட்கு முன், நாம் வேறோர் ஊர்ப் பள்ளியிற் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் சராசரி மதிப்பெண் 48 என்று அறிக்கை எழுதிக் கொடுத்தோம். 'வகுப்பு நடுத்தரம்' என்று ஒரு குறிப்பும் எழுதினோம். உண்மையில் அவ்வகுப்பில் 48-ஐ ஒட்டி மதிப்பெண் பெற்றவர் ஒருவருமிலர். பாதிப்பேர் 70-க்கு மேல். மறுபாதிப்பேர் 25-க்குக் கீழ். நடுத்தரமான வகுப்பு என்பது நம் தாளிலன்றி வேறெங்கும் இருந்ததில்லை. கீழ்ப்பாதியில் இருந்த பிள்ளை ஒருவன் அவ்வாண்டின் இறுதியில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் வீட்டிற்கு நாம் தேடிச் சென்றபோது அவன் தாயார், "பிள்ளைகள் எல்லாரும் ஒருமாதிரி படிக்கிறார்கள் என்றுதானே ஐயா அன்று சொன்னீர்கள்?" என்று கேட்டார். நமக்கு மறுமொழி வரவில்லை. தம்பி திண்ணையில் அமர்ந்து சராசரியின் குற்றத்தை விளக்கியபோது நமக்கு அத்தாயாரின் முகமே எதிரில் நின்றது.

நெருப்பில் அக்குற்றம் இன்னும் பெரிது. ரசாயன வினையின் வேகம் வெப்பத்தோடு ஒழுங்காக ஏறுவதன்று, தாவி ஏறுவது. விளக்கத்துக்காக ஒரு கணக்கை நாமே புனைவோம். வெப்பம் 100 டிகிரி ஏறும்தோறும் வேகம் இரட்டிக்கின்றது என்க. ஓரிடத்தில் வரும் வாயுவில் பாதி 300 டிகிரி, பாதி 2100 டிகிரி. சராசரி 1200. முந்நூற்றில் வேகம் 1 எனின், சராசரியான 1200-இல் அது 512. ஆனால் 2100-இல் வேகம் 2,62,144. இதையும் அந்த 1-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 1,31,072-க்குச் சற்று மேல். வெப்பத்தின் சராசரியைக் கொண்டு வேகத்தைக் கணித்தவன், வேகங்களின் உண்மைச் சராசரியில் 256-இல் ஒரு பங்கையே கண்டான். இன்னொரு வகையும் உண்டு. அந்த 2100 டிகிரி வாயு முன்னரே எரிந்து முடிந்தது என்க. அதில் எரிபொருள் இல்லை. 300 டிகிரி வாயுவில் எரிபொருள் உண்டு; ஆனால் பற்றும் சூடு இல்லை. அங்கே உண்மையில் ஒன்றும் எரியவில்லை. சராசரி பார்ப்பவனோ பாதி எரிபொருளும் 1200 டிகிரிச் சூடும் சேர்ந்திருக்கக் கண்டு, 'நெருப்பு எரிகின்றது' என்று சாதிப்பான். ஒரு பக்கம் குறைத்தும் ஒரு பக்கம் கூட்டியும் பொய் சொல்வது சராசரியின் இயல்பு.

போப் இம்பீரியல் கல்லூரியில் இளைஞராயிருந்த காலத்தில் அங்கே பிரையன் ஸ்பால்டிங் என்ற பேரறிஞர் இருந்தார். அவர் 1971-இல் ஒரு குறுக்கு வழி காட்டினார். சுழிகள் உடைந்து கலப்பதே மெதுவான வேலை. கலந்த பின் எரிவது நொடிப்பொழுது. ஆகவே கலக்கும் வேகத்தையே எரியும் வேகமாகக் கொள்க என்றார். அது எளிமையானது, பலவிடங்களில் பயன்பட்டது. நாம் அதைக் குறைகூற மாட்டோம். ஆனால் நெருப்பு அணையும் தறுவாயில் ரசாயனமும் மெதுவாகிவிடும். கலப்பு மட்டும் விரைவாயிருந்து என்ன பயன்? நச்சு வாயுக்கள் எவ்வளவு உண்டாகும் என்பதையும் அவ்வழியாற் காண முடியாது. நைட்ரிக் ஆக்சைடு என்பது மிகுந்த சூட்டில் மெல்ல மெல்ல விளைவது; எந்தத் துளி எவ்வளவு சூடாயிற்று, எவ்வளவு நேரம் சூடாயிருந்தது என்ற வரலாறு அதற்கு வேண்டும்.

போப் வேறொரு வழியை நாடினார். சராசரி எது என்று கேளாமல், எத்தனை பங்கு வாயு எந்நிலையில் உள்ளது என்று கேட்டார். அஃதாவது மதிப்பெண்களின் சராசரியை விட்டு, இன்ன மதிப்பெண் பெற்றவர் இத்தனை பேர் என்னும் முழுப் பட்டியலையே கையில் எடுத்தார். கணிதர் இதை நிகழ்தகவுப் பரவல் என்பர். இவ்வழியில் அவர்க்கு முன்னோர் இல்லாமலில்லை. 1967-இல் லண்ட்கிரென் என்பவரும், 1974-இல் டோபாஸோ, ஓப்ரையன் என்ற இருவரும் இத்தகைய சமன்பாடுகளை எழுதியிருந்தனர். போப் 1976-இல் இவ்வழியை எரிதலுக்கு உரித்தாக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சிறப்பு யாதெனின், எந்த ரசாயனம் எல்லாரையும் திகைக்க வைத்ததோ அந்த ரசாயனம் இச்சமன்பாட்டில் எவ்வித ஊகமுமின்றித் தானே பொருந்தி அமர்ந்துவிட்டது என்பதே. ஒவ்வொரு நிலையிலுள்ள வாயுவும் தன் சூட்டுக்கேற்ப எரியும். சராசரி எடுக்கும் பாவம் நேர்வதேயில்லை.

ஆனால் அச்சமன்பாட்டை விடுவிப்பது எப்படி? 16 பொருள்களைக் கணக்கிற் கொண்டால், ஒவ்வொன்றிற்கும் ஓர் அச்சாக 16 அச்சுகளுள்ள ஒரு வெளி வேண்டும். அச்சுக்குப் பத்துப் பத்துப் புள்ளி வைத்தாலும் 100 கோடியை 1 கோடியாற் பெருக்கிய தொகை வரும். உலகிலுள்ள தாளெல்லாம் போதா. 1981-இல் போப் இதற்கொரு உபாயம் கண்டார். புள்ளிகளை வைக்க வேண்டா. துகள்களை விடுவோம் என்றார். கணிப்பொறிக்குள் ஆயிரமாயிரம் கற்பனைத் துகள்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஓரிடமும், தனக்கென ஒரு சூடும், தனக்கென ஒரு பொருட்கலவையும் உடையது. அவை கொந்தளிப்பில் அலையும், தத்தம் சூட்டுக்கேற்ப எரியும், அண்டையிலுள்ளவற்றோடு கலக்கும். முடிவில் அவற்றை எண்ணிப் பார்த்தால் பட்டியல் கிடைத்துவிடும். குடிமதிப்புக் கணக்கெடுப்பவன் வீடுவீடாய்ப் போவது போன்றது இது. சூதாட்டத்திற்குப் பேர்போன மான்டி கார்லோ என்னும் ஊரின் பெயரால் இம்முறை வழங்குவது நமக்குச் சிறிது உறுத்தத்தான் செய்தது. துகள்களின் அலைச்சலைப் பகடையுருட்டல் போன்ற எண்களால் தீர்மானிப்பதால் அப்பெயர் வந்ததாம்.

இதற்கிடையில் அவர் அமெரிக்கா சென்று, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராயிருந்து, 1982-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1985-இல் இம்முறை முழுவதையும் தொகுத்து 70 பக்கத்துக்கு மேற்பட்ட பெருங்கட்டுரை ஒன்று எழுதினார். இன்றும் மாணவர் அதிலிருந்தே தொடங்குகின்றனர் என்றார் தம்பி.

ரசாயனம் தீர்ந்தது, கலப்பு தீரவில்லை. ஒரு துகள் எத்துகளோடு கலக்கும்? இதை ஊகித்தே ஆக வேண்டும். பழைய முறைகளில் இன்னது இன்னதோடுதான் கலக்கும் என்ற நியதி இல்லை. அதனால் ஒரு கேடு விளைந்தது. எரிபொருள் நிறைந்த குளிர்ந்த துகளும், காற்று நிறைந்த குளிர்ந்த துகளும் நேரே கலந்து குளிர்ந்தபடியே நின்றன. மெய்யுலகில் அவ்விரண்டுக்கும் இடையே நெருப்புச் சுவர் நிற்கும். அதைக் கடவாமல் ஒன்று மற்றொன்றை அடைய இயலாது. 1998-இல் போப்பும் அவர் மாணவரும் ஒரு முறை வகுத்தனர். துகள்களை அவற்றின் பொருட்கலவையின் ஒற்றுமையால் ஒன்றோடொன்று இணைத்து, கிளைகள் யாவும் சேர்ந்த நீளம் மிகக் குறைவாயிருக்கும்படி ஒரு மரம்போல் ஆக்கினர். அம்மரத்தில் அண்டையிலுள்ள துகளோடு மட்டுமே ஒரு துகள் கலக்கும். இடத்தால் அடுத்திருப்பது போதாது, இயல்பாலும் அடுத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இன்னொரு தடை காலம். இலட்சக்கணக்கான துகள்கள், ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு சிறு கணத்திலும் ரசாயனச் சமன்பாடுகளை முழுதும் விடுவிக்க வேண்டும். கணிப்பொறிகள் மாதக்கணக்கில் உழைத்தாலும் ஒரு நெருப்பு முடியாது. இதற்குப் போப் 1997-இல் கண்ட வழியை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிதிற் சொல்லலாம்; அது வாய்பாடு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை நாம் ஒவ்வொரு தடவையும் கூட்டிப் பார்ப்பதில்லை. மனத்தில் எழுதி வைத்திருக்கின்றோம். ஆனால் 16 அச்சுகளுள்ள வெளிக்கு முழு வாய்பாடு எழுதிவைக்க இடமில்லை என்று முன்னரே பார்த்தோம். போப் முழு வாய்பாடு எழுதவில்லை. நெருப்பு உண்மையில் எந்தெந்த நிலைகளைத் தொடுகின்றதோ அவற்றுக்கு மட்டும், தொடும்போது மட்டும், எழுதினார். ஒரு துகள் வந்து நின்றால், முன்னர் விடுவித்த கணக்குகளுள் அதற்கு மிக அண்மையிலுள்ளது எது என்று தேடுவது. பிழை வரம்புக்குள் இருந்தால் அதிலிருந்தே சிறு திருத்தத்தோடு விடை சொல்வது. இல்லையேல் புதிதாகக் கணித்து வாய்பாட்டிற் சேர்ப்பது. தொடக்கத்தில் வேலை மெதுவாக நடக்கும். வாய்பாடு வளர வளரத் தேடலே மிஞ்சும், கணித்தல் அருகும். மீதேன் பற்றிய சோதனைக் கணக்கில் வேகம் சுமார் 1000 மடங்கு கூடிற்று. மூன்றாண்டு வேலை ஒரு நாளுக்குச் சற்று மேலான நேரத்தில் முடிவது போன்றது இது. போப்பின் ஆக்கங்களுள் நம்மை மிகவும் கவர்ந்தது இதுவே. வாய்பாட்டின் அருமையை ஒரு பள்ளியாசிரியனை விட எவர் அறிவர்?

கணக்கு அழகாயிருப்பதால் மட்டும் மெய்யாகிவிடாது. இத்துறையிலுள்ளோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதே நம் மதிப்பை உயர்த்துகின்றது. 1996-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிற் கூடி, சோதனை செய்வோரும் கணிப்போரும் ஒரே நெருப்பைத் தனித்தனியே ஆராய்ந்து, விடைகளை எல்லார் முன்னிலையிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதென்று தொடங்கினர். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரத்துச் சாண்டியா ஆய்வகத்தில் பார்லோ, பிராங்க் என்ற இருவர் ஒரு நெருப்புத் தொகுதியை அளந்து 1998-இல் வெளியிட்டனர். 7.2 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை; அதில் கால் பங்கு மீதேனும் முக்கால் பங்கு காற்றும் கலந்து பாய்கின்றன; சுற்றிலும் ஒரு சிறு துணைநெருப்பு அதைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கின்றது. D என்னும் நெருப்பில் பாய்ச்சலின் வேகம் நொடிக்கு 49.6 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் 22,400. F என்பதில் இரண்டும் இருமடங்கு. லேசர் ஒளியைச் செலுத்தி, தொடாமலே, புள்ளி புள்ளியாகச் சூட்டையும் பொருள்களையும் அளந்தனர்.

D நெருப்பு பெரும்பாலும் ஒழுங்காக எரியும். F நெருப்போ அணையும் விளிம்பில் நிற்பது. அதன் ஒரு பகுதி அணையும். சிறிது தூரம் சென்று, அண்டையிலுள்ள சூட்டால் மறுபடியும் பற்றும். சராசரிக் கணக்குக்கு இந்த அணைதல் கண்ணிற் படவே படாது. 2000-ஆம் ஆண்டில் போப்பும் ஷூ என்னும் அவருடைய உடனாய்வாளரும் தம் துகள்முறை, கலப்பு மரம், வளரும் வாய்பாடு மூன்றையும் கொண்டு D, E, F மூன்று நெருப்பையும் கணித்து வெளியிட்டனர். F நெருப்பில் துகள்கள் சில அணைந்து குளிர்வதும் பிறகு மீள எரிவதும் அக்கணக்கில் தோன்றின. அளவைகளோடும் அது நன்கு ஒத்துவந்தது. தம்பி அவ்விரு படங்களையும் நம்மிடம் காட்டினார். அளந்த படத்தில் புள்ளிகள் மேகம்போற் சிதறிக் கிடக்கின்றன. மேலே சூடான புள்ளிக் கூட்டம், கீழே அணைந்த புள்ளிகள். கணித்த படத்திலும் அவ்வாறே. நடுவில் ஒரு கோடு மட்டும் இருந்திருந்தால் நாம் அதைப் பார்த்தவுடன் மறந்திருப்போம்.

அதனோடு கதை முடிந்ததென்று எண்ண வேண்டா. F நெருப்பின் கணக்கு மிக்க கூர்மையுடையது. கலப்பு பற்றிய ஓர் எண்ணையோ, துணைநெருப்பின் சூட்டையோ சிறிது மாற்றினாலும் விடை பெரிதும் அசையும். ரசாயனப் பட்டியல்களும் ஒன்றோடொன்று முழுதும் ஒத்தவையல்ல. 2005-இல் போப்பும் அவருடைய மாணவரும் பல பட்டியல்களை ஒரே நெருப்பிலிட்டுப் பார்த்து, எவை தேறின, எவை தவறின என்று வெளியிட்டனர். தம் முறைக்குச் சாதகமானவற்றை மட்டும் காட்டி நிறுத்தியிருந்தால் கேட்பவர் எவர்? 2004-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே, பெருஞ்சுழிகளைக் கணித்துச் சிறுசுழிகளை ஊகிக்கும் முறை பற்றிய பத்துக் கேள்விகள் என்பது. அவ்வழியிலேயே தாமும் உழைத்துக்கொண்டு, அவ்வழியின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தும் துணிவு பண்டிதர்களாகிய நம்மவரிடம் மிகுதியாகக் காணப்படுவதன்று. இதைச் சிறிது வெட்கத்தோடே சொல்லுகின்றோம்.

சிறப்புகளும் அவரை நாடி வந்தன. 2007-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 2009-இல் அமெரிக்க இயற்பியற் கழகத்தாரின் பாய்ம இயக்கப் பரிசு பெற்றார். 2010-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியற் கழகத்தார் அவரைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் ஓய்வுபெற்றுத் தகைசால் பேராசிரியர் ஆனார்.

நம் தம்பியின் ஆராய்ச்சி எது என்று நீங்கள் கேட்பீர்கள். துகள்கள் எதனோடு எது கலக்கும் என்ற அதே கேள்விதான். துளியாகத் தெளிக்கப்படும் எரிபொருளில் அக்கேள்வி இன்னும் கடினமாம். துளி ஆவியாகும்போதே கலப்பும் தொடங்கிவிடுகின்றது. மூன்றாண்டாக அதிலே இருக்கின்றார். விடை கிடைத்ததா என்றோம். "இல்லை ஐயா, நான் முதலில் வைத்த ஊகம் பொய் என்பதுமட்டும் தெளிவாகிவிட்டது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் காணவில்லை. திண்ணையில் உடனிருந்த அவர் தந்தையார் முகத்தில்தான் கண்டோம். அவர்க்கு அன்றிரவு நெடுநேரம் நாம் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பும்போது தம்பி அந்நூலை நம்மிடமே விட்டுச் சென்றிருக்கின்றார். முதல் அத்தியாயத்தில் கொந்தளிக்கும் ஓட்டங்களின் படங்கள் உள்ளன. கணிதம் தெரியாதவரும் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள், பெண்மக்கள் உட்பட, ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுக்கு வந்து அதைப் புரட்டிப் பார்க்கலாம். ஊதுவத்தி நாமே வாங்கி வைத்திருப்போம்.